கால் சுற்றில் பிடித்த ஸ்டியரிங்

போன மாதம் வால்பாறையில் நண்பரின் எஸ்டேட் மண்பாதையில் ஜீப்பை ஃபோர் வீலில் ஓட்டினேன். தார் ரோட்டுக்கு வந்ததும் லீவரை டூ வீலுக்குத் தள்ளி, முன் சக்கரங்களை ஆக்ஸில் ஷாஃப்ட்டோடு பூட்டும் ஹப் இரண்டையும் 'ஃப்ரீ'க்கு, அதாவது பூட்டு நீங்கிய நிலைக்குத் திருப்பிவிட்டு ஆழியாறு பக்கம் இறங்கினேன். 40 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கைப் பாதிக்கு மேல் ஒடித்தால் கல்லாகிவிடுகிறது. வளைவு முடிந்தும் தானாகத் திரும்பாது, இழுத்துத்தான் நேராக்க வேண்டும். பொள்ளாச்சி வந்து சேர்ந்தபோது தோள்பட்டை கழன்றிருந்தது.

"ஃபோர் வீலை எடுக்க மறந்துட்டீங்களா மச்சான்?" என்று மைத்துனன் கேட்டான். நியாயமான கேள்வி. இந்த மாதிரி ஜீப்பில் ஃபோர் வீல் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். வளைவிலோ முன் சக்கரங்களுக்குத் தூரம் அதிகம். மண்ணில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தாரில் வழியில்லாமல் முறுக்கேறி ஸ்டியரிங் இறுகும். ஆனால் நான் லீவரை எடுத்திருந்தேன். வண்டியை நகர்த்தி அடியில் பார்க்கச் சொன்னேன், கியர்பாக்ஸ் பக்கமிருந்து முன் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அசையவில்லை. டயர் காற்றும் சரியாக இருந்தது.

மெக்கானிக் ஒருவர் வெளியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்: "ஸ்டியரிங் பாக்ஸ் போயிருச்சுங்க, மாத்திப்போடலாம்." அன்றைக்கே சரி என்றிருப்பேன், கையில் காசில்லை. ஸ்டியரிங் ஆட்டம் குறையட்டும் என்று ஆறு மாதம் முன்பு பாக்ஸ் மேலிருக்கும் ஸ்குருவை முறுக்கியது நான்தான், அதனால் உள்ளுக்குள் உறுத்தல் வேறு. அப்புறம் யோசித்தேன். பாக்ஸின் பற்கள் நடுவில்தான் இறுக்கமாகக் கடிக்கும், ஓரத்துக்குப் போகப் போகத் தளரும். ஸ்குரு அதிகமாகியிருந்தால் நேராகப் போகும்போது பிடிக்க வேண்டும். எனக்கு நேர்மாறு. இருந்தாலும் ஸ்குருவைக் கால் திருகு தளர்த்தினேன். பயனில்லை.

முதல் ஞாயிறு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டியரிங் பாக்ஸைச் சக்கரங்களோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பியைக் கழற்றினேன். ஸ்டியரிங் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு விரலுக்கு ஓடியது. பாக்ஸும், ஸ்டியரிங்கிலிருந்து அதற்கு இறங்கும் தண்டான காலமும் (column) தப்பித்தன. காலத்தில் உள்ள ஜாயின்ட் துருப்பிடித்திருந்தால், ஸ்டியரிங் அரைச் சுற்றுக்கு ஒருமுறை அதே இடத்தில் பிடித்திருக்கும். இரண்டு சக்கரங்களையும் சேர்க்கும் டை ராடையும் கழற்றிவிட்டு, பழைய பேப்பர்காரர் வைத்திருப்பது போன்ற ஸ்பிரிங் தராசை சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளின் ஆர்மில் மாட்டி இழுத்தேன். இடது 6 கிலோவில் திரும்பியது. வலது 6-இல் தொடங்கி, பாதி தாண்டியதும் 15-ஐத் தொட்டது. சரி, நக்கிள் திரும்பும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட்தான் பழுது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் பூட்டினேன்.

நல்லவேளை, புது பால் ஜாயின்ட் வாங்கவில்லை. புதன்கிழமை ஹப்பைப் பூட்டி ஆற்று மணலில் கொஞ்சம் ஓட்டிவிட்டு, திரும்ப 'ஃப்ரீ'யில் போட்டு வீட்டுக்கு வந்தேன். ஸ்டியரிங் வெண்ணெய்! பால் ஜாயின்ட் புதன்கிழமை மட்டும் நல்ல பிள்ளையாக இருக்குமா?

இரண்டாவது ஞாயிறு விடை கிடைத்தது. என் வண்டியின் முன் ஆக்ஸிலை முன்பு வைத்திருந்தவர் மாற்றிப் போட்டிருக்கிறார். அதில் நக்கிள் மூடியில்லாத வகை, சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் மடங்கும் இடத்திலுள்ள கிராஸ் (கூட்டல் குறி வடிவ மூட்டு) கண்ணுக்குத் தெரியும். வலது ஹப்பைப் பூட்டி, சக்கரத்தைக் கையால் கால் சுற்று சுற்றி, மைத்துனனை ஸ்டியரிங் ஒடிக்கச் சொன்னேன். இறுகியது. இன்னொரு கால் சுற்று, இலகு. மறுபடி கால் சுற்று, இறுக்கம்.

கிராஸுக்கு இரண்டு அச்சுகள், ஒன்றுக்கொன்று குறுக்கே. சக்கரத்தை ஒடிக்கும்போது, அந்த நேரத்தில் செங்குத்தாக நிற்கும் அச்சுதான் மடங்க வேண்டும். எனக்கு ஓர் அச்சு மட்டும் துருவேறிச் செத்திருந்தது. அது செங்குத்தாக நின்றால் பிடிக்கும், படுத்திருந்தால் பிடிக்காது. ஹப் ஃப்ரீயில் இருந்தால் ஷாஃப்ட் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். வால்பாறையில் நான் ஹப்பைத் திருப்பிய நேரம் அது செங்குத்தாக நின்றிருக்கிறது, புதன்கிழமை படுத்துக்கொண்டது. ஹப் ஃப்ரீயில் இருந்தால் ஷாஃப்ட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தமே இல்லை என்று நம்பியதுதான் என் தப்பு. சுற்றாவிட்டாலும், நக்கிளோடு சேர்ந்து அது மடங்கியாக வேண்டும்.

ஹப், ஸ்பிண்டில் எல்லாம் கழற்றி ஷாஃப்ட்டை உருவ ஒரு மணி நேரம். கிராஸைப் பிடித்திருக்கும் வளையமான சர்க்கிளிப்பை எடுக்க இன்னொரு மணி நேரமும் கொஞ்சம் ரத்தமும். வைஸில் வைத்து அழுத்தியதும் கிராஸ் முனையின் கப்புக்குள்ளிருந்து ஊசி பேரிங்குக்குப் பதில் செங்கல்பொடி கொட்டியது. அளவெடுத்து வாங்கிய புது கிராஸில் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கிறது. மாட்டியபின் தராசு கடைசிவரை 6 கிலோவைத் தாண்டவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை லீவரை டூ வீலிலேயே விட்டு, ஹப்பை மட்டும் பூட்டி, சில கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சுற்றாமல் கிடக்கும் கிராஸில் கிரீஸ் ஒரே பக்கம் தங்கிவிடுகிறது. இடது கிராஸை இன்னும் பிரிக்கவில்லை. அது நன்றாகத்தான் மடங்குகிறது, ஆனால் கப் ஓரத்தில் லேசாகச் சிவப்பு தெரிகிறது.