சூரியகாந்தி இலை வெளுத்தால் ஃபில்டர் கசிகிறது

சாரல் காலத்தில் ஆரியங்காவு கணவாய் தாண்டி கேரளத்துக்காரர்கள் வண்டி வண்டியாக வந்து தென்காசிப் பக்கத்துச் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயலில் படம் எடுக்கிறார்கள். அதே பூவைப் புற ஊதாவில் எடுத்துப் பாருங்கள். நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் இதழ், அடியில் கறுத்து நுனியில் வெளுத்து, நடுவைச் சுற்றி வளையம் கட்டி நிற்கும். புற ஊதாவுக்கான தேனீயின் உணர்செல் 344 நானோமீட்டர் (நா.மீ.) அலைநீளத்தின் பக்கம்தான் உச்சத்தில் இருக்கிறது. அந்த வளையம் அதற்கு நன்றாகவே தெரியும்.

இதற்குப் புற ஊதாவை மட்டும் விடும் ஃபில்டர் வாங்குகிறவர்கள் மையம் 365, அகலம் 10 நா.மீ. என்ற இரண்டு எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். படத்தைக் கெடுப்பது மூன்றாவது எண்: மற்ற ஒளியை எவ்வளவு அடைக்கிறது என்ற ஓ.டி. (ஆப்டிகல் டென்சிட்டி) எண். கணக்கைப் பாருங்கள். நமக்கு வேண்டியது 10 நா.மீ. பட்டை. வேண்டாதது கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும், 400 முதல் 1100 வரை, அதாவது 70 மடங்கு அகலம். 365-ஐவிட அங்கே சிலிக்கான் சென்சார் சுமார் 10 மடங்கு கூர்மை. வெயிலும் கொஞ்சம் கூடுதல். பெருக்கினால் ஏறத்தாழ ஆயிரம். ஓ.டி. 3 ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் விடுகிறது, ஆனாலும் கசிவும் புற ஊதாவும் சரிக்குச் சரியாகிவிடும். ஓ.டி. 4-ல் கசிவு புற ஊதாவில் பத்தில் ஒரு பங்கு, 5-ல் நூறில் ஒரு பங்கு. 5-க்குக் குறைந்து வாங்க வேண்டாம். யு-340 மாதிரி நிறக்கண்ணாடி 700 தாண்டி மறுபடி திறந்து அகச்சிவப்பை விடும். அதோடு அகச்சிவப்பை அடைக்கும் பிஜி-39 கண்ணாடி ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

கசிவை இலையே காட்டிக்கொடுக்கும். பச்சை இலை புற ஊதாவை விழுங்கும், அகச்சிவப்பை வாரி இறைக்கும். படத்தில் இலை கறுத்து, வானம் வெளுத்திருந்தால் சரி. இலை வெளுத்து, இதழில் வளையம் காணாமல் போனால் அது அகச்சிவப்புப் படம். உறுதிசெய்ய, அதே எக்ஸ்போஷரில் 720 நா.மீ. அகச்சிவப்பு ஃபில்டரையும் மேலே மாட்டி எடுங்கள். முழுக் கறுப்பு வர வேண்டும். ஏதாவது தெரிந்தால் அத்தனையும் கசிவு.

அடுத்தது கோணம். குறுக்கீட்டுப் பூச்சுள்ள (மெல்லிய பூச்சு அடுக்குகளால் அலைநீளத்தைப் பிரிக்கும்) ஃபில்டரில் ஒளி சாய்ந்து விழுந்தால் பட்டை குறைந்த அலைநீளத்துக்கு நகரும்: 15 டிகிரியில் 4 நா.மீ., 30 டிகிரியில் 14. அகலக்கோண லென்ஸில் நடுவில் 365, மூலையில் 351! 80 மி.மீ. குவியநீளம் போதும், பழைய உலோக உடல் இஎல்-நிக்கோர் என்லார்ஜர் (ஃபிலிம் படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் கருவி) லென்ஸ் இதற்கு நல்ல பொருள். கேமரா சென்சாரின் முன்னுள்ள புற ஊதா, அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருக்க வேண்டும். ஃபோகஸை ஃபில்டர் மாட்டிய பிறகே வையுங்கள். புற ஊதாவின் குவியம் வேறு இடத்தில் விழும்.

செங்கோட்டைப் பக்கத்து ஈரம் பழைய மென்பூச்சு ஃபில்டரை ஓரத்திலிருந்து அரிக்கும், நிறக்கண்ணாடியில் வெண்படலம் பிடிக்கும். ஹாஃப்னியம் ஆக்சைடு கடினப்பூச்சு தாங்கும். எதுவானாலும் இறுக மூடும் டப்பாவில் நீல சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் ரோஸ் ஆனதும் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி நீலமாகும்.