ஜெனரேற்றர் எஞ்சினுக்கு டர்போ பூட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றும் வேலை: இதுவரை

கிளிநொச்சிப் பக்கம் பழைய கராஜ்களின் பின்வளவில் தேடினால் ஒரு ஜெனரேற்றராவது கிடக்கும். மின்சாரம் வராத காலத்தில் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஓடித் தேய்ந்தவை. சுருள் எரிந்துபோயிருக்கும், எஞ்சின் நன்றாக இருக்கும். அப்படிக் கிடைத்த ஒரு 188 எஃப் எஞ்சினுக்கு டர்போ (புகைக்காற்றால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை ஊதும் கருவி) பூட்டி, பழைய 125 சீசீ மோட்டார் சைக்கிள் சட்டம் ஒன்றில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இப்போது எஞ்சின் மேசையில் டர்போவோடு பாரம் இழுக்கிறது. சட்டத்தின் கீழ்க்குழாயை வெட்டி, எஞ்சின் உட்காரும் தொட்டில் ஒட்டியாகிவிட்டது. பெல்ட் டிரைவ் வேலை பாதியில் நிற்கிறது.

இதே வேலையைச் செய்ய விரும்பும் பலர் தண்ணீர்ப் பம்பின் 163 சீசீ எஞ்சினில்தான் கைவைக்கிறார்கள். தோட்டம் செய்கிற வீடுகளில் அதுதான் இருக்கிறது, உதிரிப்பாகமும் மலிவு. ஆனால் டர்போ சுற்றுவது புகைக்காற்றில். அந்தக் காற்று எவ்வளவு வருகிறது என்ற கணக்கை முதலில் போடவேண்டும். நான்கு அடி (ஃபோர் ஸ்ரோக்) எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சு விடுகிறது. 163 சீசீ எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஓடினால் அந்த நிமிடத்தில் அதிகபட்சம் 293 லீற்றர் காற்று உள்ளே போகும். நமக்குக் கைக்கெட்டும் மிகச் சிறிய டர்போ, சுசுகி எவரி வான்களில் வருவது. அது 658 சீசீ எஞ்சினுக்காகச் செய்யப்பட்டது. அந்த எஞ்சின் 3000 சுற்றில் 987 லீற்றர் விழுங்கும். 293 லீற்றரை வைத்துக்கொண்டு அதைச் சுழற்ற வேண்டுமானால் சுற்றை 8000க்கும் மேலே ஏற்றவேண்டிவரும். இந்த எஞ்சின்களின் பறக்குஞ்சில்லு (ஃபிளைவீல்) வார்ப்பிரும்பு. சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னரைக் கழற்றிவிட்டு அந்தச் சுற்றில் ஓட்டினால் சில்லு வெடித்துச் சிதறலாம். காலுக்கிடையில் இருக்கப்போகிற எஞ்சினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

188 எஃப் என்பது ஹொண்டா ஜீஎக்ஸ் 390 இன் சீனப் பிரதி. 389 சீசீ, பிஸ்ரன் விட்டம் 88 மில்லிமீற்றர், அடிநீளம் 64. 3600 சுற்றில் 700 லீற்றர் காற்று. எவரி எஞ்சின் 2100 சுற்றில் விழுங்குகிற அளவு அது. டர்போ விழித்துக்கொள்ளும் விளிம்பு. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் ஜெனரேற்றரில் இருந்தபோது கவர்னர் 3000 சுற்றுக்கு இறுக்கப்பட்டிருந்தது. அதை 3600க்குத் தளர்த்தினேன். அதற்கு மேல் போகப் போவதில்லை. சுற்றை ஏற்றாமல், ஒவ்வொரு அடியிலும் கூடுதல் காற்றைத் திணித்து வலு எடுப்பதற்குத்தானே டர்போ?

ஹொண்டா 1982இல் விட்ட சீஎக்ஸ் 500 டர்போவைப் பற்றிப் படித்தபோது ஒன்று கவனித்தேன். 497 சீசீ, இரண்டு சிலிண்டர், கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் எரிபொருள் ஊசி. அவ்வளவு வசதியோடு செய்தும், அடுத்த ஆண்டே அதை 650 ஆக்கினார்கள். சிறிய எஞ்சினில் டர்போ ஊதத் தொடங்கும்வரை இழுவை போதாது என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

அடுத்தது எண்ணெய். இந்த வேலையில் மிக அதிகம் யோசிக்க வைத்ததும் அதுதான். பம்ப், ஜெனரேற்றர் எஞ்சின்களில் எண்ணெய்ப் பம்ப் கிடையாது. உள்ளே ஒரு சிறு கரண்டி எண்ணெயை அடித்துத் தெறிக்கவிடும், அவ்வளவுதான். டர்போவின் தண்டோ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகக்கூடியது. அது எண்ணெய்ப் படலத்தில் மிதந்துதான் சுழல்கிறது. அழுத்தத்தோடு எண்ணெய் வராவிட்டால் தண்டைத் தாங்கும் புஷ் நொடிகளில் தேய்ந்துவிடும். அதனால் தனியாக ஒரு லீற்றர் எண்ணெய்த் தாங்கி, 12 வோல்ட் பம்ப், ஒரு ஃபில்டர் என்று எஞ்சினோடு கலக்காத வேறொரு சுற்றாகவே கட்டினேன். எண்ணெய் உள்ளே போகும் வழியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் துளை போதும். வெளியேறும் குழாய் மட்டும் பெருவிரல் அளவு இருக்கவேண்டும், வளையாமல் நேரே கீழே இறங்கவேண்டும், தாங்கியில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே வந்து விழவேண்டும். லேத் வேலை செய்து தந்த அண்ணை சொன்னது: "தம்பி, எண்ணெய் போற வழியப் பற்றி யோசிக்காத. வாற வழிய அகட்டி வை. இல்லாட்டி அது சீலுக்குள்ளால தான் வெளிய வரும்." காற்றை ஊதும் கொம்பிரசர் பக்கம் எண்ணெய் கசிகிற டர்போக்களில் பலவற்றுக்கு உண்மையான நோய் இதுதான், சீல் அல்ல.

பம்ப் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்திருக்கிறேன். வாகனங்களில் சிவப்பு எண்ணெய் விளக்கை எரிக்கும் சுவிட்ச் இருக்கிறதே, அழுத்தம் விழுந்தால் அது பொடியோடு (வண்டியின் இரும்பு உடலோடு) தொடுப்பைச் சேர்க்கும். இந்த எஞ்சின்களை நிறுத்துவதும் தீப்பொறி தரும் மக்னற்றோவின் வயரைப் பொடியில் தொடுவித்துத்தான். இரண்டுக்கும் இடையில் ஒரு ரிலே வைத்துவிட்டால், எண்ணெய் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் ஓடவே ஓடாது. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பம்பைப் போட்டே ஆகவேண்டும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகுந்த திருப்தி.

காபரேற்றரை டர்போவுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? முன்னால் வைத்தால் வேலை சுலபம். ஆனால் அந்தப் பக்கம் காற்றை இழுக்கும்போது டர்போவின் எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சும், அதற்குக் கரிச் சீல் உள்ள டர்போ வேண்டும். வான் டர்போவில் அது இல்லை. ஆகவே பின்னால் வைத்தேன். அப்படி வைத்தால் மிதவைக் கிண்ணத்துக்கும் அதே காற்றழுத்தத்தைக் கொடுக்கவேண்டும். அதோடு, தாங்கியிலிருந்து பெற்றோல் தானாக இறங்குவது நின்றுவிடும். 0.25 பார் அழுத்தத்தை வெல்லத் தாங்கியை மூன்றரை மீற்றர் உயரத்தில் வைக்கவேண்டும்! எனவே சிறிய மின் பம்ப் ஒன்றும், ஊதும் அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் ரெகுலேற்றரும். தாங்கிக்குள்ளேயே காற்றை அடித்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பெற்றோல் தாங்கியில் அதைச் செய்யாதீர்கள்.

ஒற்றைச் சிலிண்டர் நான்கு அடியில் ஒன்றில்தான் காற்றை எடுக்கிறது. மற்ற நேரம் டர்போ ஊதும் காற்றுக்குப் போக இடமில்லை. இடையில் ஒரு சேமிப்புக் கலம் வேண்டும். பழைய தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றை வெட்டிப் போட்டேன், எஞ்சினின் கொள்ளளவைவிடப் பல மடங்கு பெரியது. அதில் ஸ்பிரிங் வைத்த ஒரு பாதுகாப்பு வால்வும் உண்டு. புகைக்குழாய் விடயத்தில் இரண்டு சொல்லவேண்டும். ஜீஐ குழாயை எடுக்காதீர்கள், ஒட்டும்போதும் சுடும்போதும் துத்தநாகப் புகை நெஞ்சைப் பிடிக்கும். டர்போவைத் தாங்கும் பிடியை எஞ்சினிலேயே பூட்டுங்கள். ஒற்றைச் சிலிண்டரின் அதிர்வில் எஞ்சின் ஆடும், சட்டம் ஆடாது, நடுவில் உள்ள ஒட்டு வெடிக்கும்.

சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு இறுகுகிறது என்ற அழுத்த விகிதத்தைக் குறைக்கும் வித்தையைப் பெரியப்பாவிடம் கேட்டேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் கிடையாது. எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித்துளியாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் சீக்கிரம் தட்டும் (சிலிண்டருக்குள் தானாக வெடிக்கும்) என்பதால் கூடுதல் கஸ்கற் போட்டு ஹெட்டை உயர்த்தினவர்களும் உண்டு. டர்போ எஞ்சினுக்குத் தேவைப்படுவதும் அதேதான். யாழ்ப்பாணத்தில் வாங்கிய ஒரு மில்லிமீற்றர் செம்புத் தகட்டை அளவாக வெட்டி, சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கிக் கொடுத்தவர் பெரியப்பாதான். ஒரு மில்லிமீற்றர் உயர்ந்தால் ஆறு சீசீ இடம் கூடுகிறது. எட்டுக்கு ஒன்றாக இருந்த விகிதம் 7.3 ஆகிறது. வால்வு இடைவெளியை ஸ்குறூவிலேயே சரிசெய்துகொள்ளலாம். பறக்குஞ்சில்லின் சாவியை அராவித் தீப்பொறி நேரத்தையும் கொஞ்சம் பின்தள்ளினேன். ஒக்டேன் 95 ஊற்றுகிறேன். 92இல் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இல்லை.

பாரம் இல்லாமல் டர்போ ஊதாது, கவர்னர் திரொட்டிலை மூடிவைத்திருக்கும். பரிசோதிக்க ஒரு பாரம் வேண்டுமே. மாமாவின் தோட்டக் கிணற்றடியில் இருக்கும் நாலு அங்குலப் பம்பை பெல்ட்டில் இணைத்தோம். பம்பின் வெளிவால்வைத் திறக்கத் திறக்கப் பாரம் ஏறும், மூடினால் இறங்கும். இதைவிட நல்ல சோதனை மேசை எனக்குக் கிடைக்காது, வெங்காயத்துக்குத் தண்ணீரும் பாய்ந்தது. வால்வு முழுதாகத் திறந்து 3600 சுற்றில் நிற்கும்போது அழுத்தமானி 0.25 பார் காட்டுகிறது. விசில் மெல்லக் கேட்கும், புகைக்குழாய்ச் சத்தம் அடங்கிவிடும். பக்கத்து வளவில் நின்றவர்கள் வேலியடிக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் முதலில் கேட்டது, எவ்வளவு குடிக்கும் என்று. பெற்றோல் தட்டுப்பாட்டில் வாரம் நாலு லீற்றருக்குக் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற 2022 இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. கூடக் காற்றுப் போனால் கூடப் பெற்றோலும் போகத்தான் செய்யும், மறைக்கவில்லை.

இப்போது சோளகக் காற்றுக் காலம். செம்மண் புழுதி எதற்குள்ளும் நுழையும். கொம்பிரசர் இதழுக்குப் புழுதி நஞ்சு. அதனால் டிராக்டரின் எண்ணெய்க் குளியல் ஃபில்டர் ஒன்றையும் அதன் பின்னால் ஒரு காகித ஃபில்டரையும் போட்டிருக்கிறேன். பருமன்தான், ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சூடுதான் மிச்சம். 34 பாகையில் உள்ளே போகும் காற்று, கொம்பிரசரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், 0.25 பாரில் 68 பாகையாக வெளியே வருகிறது. சூடான காற்று ஐதாகிவிடுவதால் 25 சதவீத அழுத்தத்தில் கையில் நிற்பது 12, 13 சதவீதக் காற்றுத்தான். அதை 45 பாகைக்குக் குளிரவைத்தால் 20 சதவீதம் ஆகும். ஊதிய காற்றைக் குளிர்விக்கும் எவரி வானின் இன்டர்கூலரையும் அதற்காகவே எடுத்து வைத்திருக்கிறேன். அதை விசிறிக்கு முன்னால் பூட்டக்கூடாது. எஞ்சினைக் குளிர்விக்க வரும் காற்றையே அது சூடாக்கிவிடும். முன் ஃபோர்க்குக்குப் பின்னால், தாங்கிக்குக் கீழே இடம் பார்த்திருக்கிறேன்.

எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இல்லாத வண்டியை வீதியில் இறக்க முடியாது. ஓட்டம் முழுவதும் மாமாவின் காணிக்குள்தான். மொத்தக் குறைப்பு ஆறுக்கு ஒன்று என்று பல்லுச் சில்லுகளைத் தெரிந்தெடுத்திருக்கிறேன். 3600 சுற்றில் மணிக்கு 68 கிலோமீற்றர் வரும். வயலுக்குள் அதுவே தாராளம். சிறுபோகம் வெட்டி வயல் காய்ந்ததும், மழை தொடங்குவதற்குள் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதற்குள் பெல்ட் டிரைவின் இடைத்தண்டுக்கு பெயரிங் இருக்கைகள் கடைந்து வரவேண்டும். லேத்தில் கொடுத்திருக்கிறேன்.