போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு

மகள் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

தூரத்தைத் தாளிலேயே கணக்குப் போட்டுவிடலாம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் மேற்கு 74-இல். கூட்டினால் 178. கிட்டத்தட்ட உலகின் மறுபக்கம். அதனால் மிகக் குறுகிய வழி வடதுருவத்தை ஒட்டியே போகும். இங்கிருந்து துருவத்துக்கு 88½ பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49½. மொத்தம் 138. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர் என்றால் 15,300-ஐத் தாண்டும். பல வருடம் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இந்தக் கணக்கில் இன்னும் சந்தோஷம் குறையவில்லை.

ஆனால் விமானம் அந்தக் கோட்டின் மேலேயே போவது அபூர்வம். போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடக்கும். திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா என்று வந்து, இந்தியாவைத் தாண்டி சிங்கப்பூரில் இறங்கும். போக வர இரண்டுமே கிழக்கு நோக்கி! ஒரு முறை போய் வந்தால் பூமியையே சுற்றியாகிவிடும். காரணம் ஜெட் ஸ்ட்ரீம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் இந்தக் காற்று சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் அடிக்கும். எதிர்த்துப் போவதைவிட ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி, காற்றோடு போவது பல நாள் லாபம். தூரத்தை 900-ஆல் வகுத்து '17 மணி நேரம்' என்று காட்டும் இணையக் கணக்குகளை நம்பாதீர்கள். அட்டவணையில் 18 மணி நேரத்துக்கும் மேல்தான் போட்டிருப்பார்கள்.

இடையில் எங்கும் இறங்காமல் போக எரிபொருள் வேண்டுமே. 2004-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நான்கு எஞ்சின் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தை நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க் விமான நிலையத்துக்கு விட்டது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தியது. 2018-இல் இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) அந்த வழியைத் திரும்பத் தொடங்கிவைத்தது. 2020-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கென்னடிக்கும் விமானம் விட்டது. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் யுஎல்ஆர் விமானத்தில் இருக்கைகள் 161 மட்டுமே. பிசினஸ், பிரீமியம் எகானமி மட்டும்தான், சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. அப்புறம் டிக்கெட் விலை ஏன் அப்படி என்று கேட்க வேண்டியதில்லை.

வயதானவர்களை அனுப்புகிறவர்கள் மணி நேரத்தைவிடத் தேதியைக் கவனியுங்கள். சிங்கப்பூரில் மதியம் ஏறினால் அதே தேதி மாலையில் நியூயார்க். அங்கே திங்கள் இரவு ஏறினால் இங்கே இறங்குவது புதன் அதிகாலை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊர் நேரம் பார்க்காமல், இத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். விமான நிலையத்துக்கு அழைக்க வருகிறவரிடமும் கிழமையைச் சேர்த்தே சொல்லுங்கள்.