தரையில் தெள்ளு, சுவரில் உண்ணி

வீட்டில் தெள்ளுப்பூச்சி வந்துவிட்டது என்று யாராவது சொன்னால், நாய் எங்கே படுக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். சோபாவில் எந்த மூலை, எந்தக் கட்டிலுக்கு அடியில், எந்தக் கால்மிதி? கேட்க வந்தவர்களுக்கு எரிச்சல் வந்துவிடும். "மருந்து பேரைச் சொல் போதும்" என்பாள் என் அக்கா. மருந்தைச் சொல்லக் கால்நடை மருத்துவர் இருக்கிறார். சோபாவைப் புரட்டிப் பார்க்க அவர் வரமாட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. நாய் முழுக் கறுப்பு, அடர்ந்த முடி. அதன் மேல் பூச்சியைக் கண்ணால் தேடுவது வீண் வேலை. நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் இடுப்பிலும் வாலடியிலும் சீவி, வருவதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுவேன். கறுப்புத் துகள் அப்படியே கிடந்தால் மண். கரைந்து செம்பழுப்பாகப் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். காகிதம் சிவந்துவிட்டால், ஒரு பூச்சிகூடக் கண்ணில் படாவிட்டாலும் வீட்டில் தெள்ளு இருக்கிறது.

பூனைகளுக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். நாள் முழுவதும் உடம்பை நக்கிக்கொண்டே இருப்பதால் அவை பூச்சியை விழுங்கிவிடும், சாட்சியும் போய்விடும். தெள்ளுக்குள் நாடாப்புழுவின் இளம்பருவம் இருந்தால் அதுவும் கூடவே குடலுக்குள் சென்றுவிடும். ஆசனவாயைச் சுற்றி அரிசிமணி போல வெள்ளைத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் புழு மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. தெள்ளு உள்ளவரை புழுவும் திரும்ப வரும். எந்த விலங்கு கொண்டுவந்தது என்று எங்கள் வீட்டில் அவ்வப்போது பஞ்சாயத்து நடக்கும். நாயின் மேல் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளு என்ற இனம்தான் என்பதால் அந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல முடியாது.

இனி அக்காவின் புகாருக்கு வருகிறேன். "மருந்து போட்டு இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் கணுக்காலில் கடிக்கிறது. மருந்து போலியாக இருக்குமோ?" போலி இல்லை. பெண் தெள்ளு ரத்தம் குடிக்கத் தொடங்கிய ஓரிரு நாளில் முட்டையிட ஆரம்பித்துவிடும். நாளொன்றுக்கு 40, 50 வரைகூட இடும். அந்த முட்டைகள் முடியில் ஒட்டாமல், விலங்கு உதறும் இடத்திலும் உறங்கும் இடத்திலும் உதிரும். அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி, கம்பள இழைகளின் அடியிலும் தரை இடுக்குகளிலும் இறங்கிவிடும். அதற்குச் சாப்பாடு, மேலிருந்து உதிரும் பெரிய தெள்ளுகளின் கழிவு. தாயைக் கண்ணால் பார்க்காமலே பிள்ளைக்குச் சாப்பாடு வந்து சேர்கிறது. பிடிக்காவிட்டாலும் இந்த ஏற்பாட்டை மெச்சாமல் இருக்க முடியவில்லை. ஒரு வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் வளர்ந்த பூச்சிகள் சுமார் 5 சதவீதம்தான் என்பது கால்நடை மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகத் தரையில் கிடக்கிறது.

இதில் கூட்டுப்புழுதான் கல்லுளிமங்கன். அது பின்னும் பட்டுக்கூடு பிசுபிசுப்பானது. தூசும் மண்ணும் அதில் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. பூச்சிமருந்து உள்ளே எளிதில் இறங்காது. உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்த பிறகும் வெளியே வராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். உடல் சூடு, காலடி அதிர்வு, மூச்சுக்காற்றிலுள்ள கரியமில வாயு ஆகியவை எட்டியதும் வெளியே துள்ளும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனவுடன் கால் முழுக்கக் கடிபடுவது இதனால்தான். ஆகவே நாய்க்கு மருந்து போட்ட பின்னும் சில வாரங்களுக்கு, சில வீடுகளில் இரண்டு மூன்று மாதங்களுக்குக்கூட, புதிய தெள்ளுகள் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டத்தில் மனம் சோர்ந்து மருந்தை நிறுத்துபவர்கள்தான் தோற்கிறார்கள். வருகிற தெள்ளு மருந்து ஏறிய நாயின் மேல் தாவி, முட்டையிடும் முன் செத்துக்கொண்டே இருந்தால் போதும். வீட்டில் ஒரு நாய்க்குப் போட்டுவிட்டுப் பூனைகளை விட்டுவைத்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வாக்குவம் கிளீனரை நான் விரும்புவதற்குக் காரணம், அது முட்டைகளை உறிஞ்சுவது மட்டுமல்ல. அதன் அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவை விழித்து வெளியே வந்து மருந்தில் மாட்டும். சோபா மெத்தைகளின் இடைவெளி, கட்டிலடி, சுவரோரம் எல்லாம் ஓட்டிவிட்டுப் பையை உடனே வெளியே கொண்டுபோய்க் காலிசெய்ய வேண்டும். விலங்குகளின் விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். தரைக்கு ஸ்ப்ரே வாங்கினால் மெத்தோபிரீன் அல்லது பைரிபிராக்ஸிஃபென் இருக்கிறதா என்று பாருங்கள். இவை முட்டையும் புழுவும் அடுத்த பருவத்துக்கு வளராமல் தடுப்பவை. அறை நடுவில் வைத்துப் புகையவிடும் டப்பாக்களின் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தப் புகை நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அடியில் போய்ச் சேராது, தெள்ளுப்புழு இருப்பதோ அங்கேதான்.

உண்ணியோ நேர்மாறான ஆள். எட்டுக் கால், சிலந்திக்கு உறவு, துள்ளத் தெரியாது. பழுப்பு நாய் உண்ணி என்ற வகை தன் வாழ்நாள் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளக்கூடியது. ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை ரத்தம் குடித்துவிட்டு நாயிலிருந்து இறங்கி, சுவரில் ஏறும். திரைச்சீலை மடிப்பு, மாட்டியிருக்கும் படத்தின் பின்புறம், கதவு நிலை, கூரையின் மூலை என்று உயரமான இடங்களில் ஒளியும். ஒரே பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கவும் இதற்குத் தெரியும். தெள்ளுக்காகக் குனிந்து தேடுபவன் உண்ணிக்காக டார்ச்சோடு நாற்காலி மேல் ஏற வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் என் மனைவிக்கு இதில் பெரிய உற்சாகம் இல்லை.

நாயின் உடம்பில் காதுக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பார்ப்பேன். உண்ணி கடித்திருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக, ஒரே சீராக இழுப்பேன். மண்ணெண்ணெய், எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அதைச் சீண்டினால் தன் எச்சிலை இன்னும் காயத்துக்குள் விட வாய்ப்புண்டு. வாய்ப்பகுதி உள்ளே தங்கிவிட்டால் தோண்டாதீர்கள். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். எர்லிக்கியா, பேபிசியா ஆகிய கிருமிகளை உண்ணிகள் கடத்தும். நாய் சாப்பிட மறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் கருத்தாலோ அன்றே மருத்துவரிடம் போய், "உண்ணி இருந்தது" என்பதை முதலில் சொல்லுங்கள்.

எங்கள் நாய்க்கு மருத்துவர் எழுதித்தந்தது மெல்லும் மாத்திரை. அஃபாக்ஸோலனர், ஃப்ளூரலனர் போன்ற மருந்துகள் ரத்தத்தில் கலந்து வேலை செய்வதால், உண்ணி கடித்த பிறகுதான் சாகும். ஒட்டிய உண்ணி ஒன்றைக் கண்டதும் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இந்த வகை மருந்துகள் சில விலங்குகளுக்கு வலிப்பு, நடுக்கம் போன்றவற்றை உண்டாக்கலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. முன்பே வலிப்பு வந்த நாயென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

பூனை விஷயத்தில்தான் எனக்குக் குரல் உயரும். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது; நடுக்கம், வலிப்பு, மரணம் வரை போகும். நாய்க்குப் போட்டதைப் பூனை உரசினாலே ஆபத்து என்பதால் அந்த மருந்தை நான் வீட்டுக்குள் விடுவதில்லை. பூண்டு கொடுத்தால் பூச்சி ஓடிவிடும் என்பவர்களையும் நம்பாதீர்கள். பூண்டு நாய், பூனை இரண்டின் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கும். தேயிலை மர எண்ணெயும் இயற்கைப் பொருள்தான், இரண்டுக்கும் நஞ்சுதான்.

அண்மையில் பக்கத்து வீட்டுப் பெரியவர், பூனைகளுக்கு வாங்கிய ஃபிப்ரோனில் சொட்டு மீதமிருந்தால் பேத்தியின் முயலுக்கு வேண்டுமென்று கேட்டு வந்தார். முயலுக்கு அது உயிருக்கே உலை வைக்கும் என்று சொல்லி, மருத்துவரின் எண்ணை எழுதிக்கொடுத்தேன். ஒரு சொட்டு கொடுக்க மனம் வரவில்லை பார் என்று அவர் நினைத்திருக்கலாம். நினைத்துக்கொள்ளட்டும்.