மீன் யாருக்கு?

பன்னாட்டுச் சட்டம் நடத்துகிறவர்களுக்கு 1933ஆம் ஆண்டின் மான்டிவீடியோ ஒப்பந்தம் தலைகீழ்ப் பாடம். நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் தகுதி. நான்கும் இருந்தால் நாடு. சமீப வருடங்களாக இதைத் துவாலுவை வைத்து நடத்துகிறேன். மதிய வகுப்பிலும் யாரும் தூங்குவதில்லை.

பசிபிக்கில் 9 தீவுகள், மொத்தமே சுமார் 26 சதுர கிலோமீட்டர். மிக உயரமான இடமும் 5 மீட்டரைத் தொடாது; கடல் மட்டமோ உயர்ந்துகொண்டே வருகிறது. "நிலம் முழுகிட்டா நாலுல ஒண்ணு போச்சே, அப்புறம் அது நாடா சார்?" என்று யாராவது கேட்பார்கள். மீனவக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு மாணவி மட்டும், "மீன் யாருக்கு சார்?" என்றாள்.

விஷயத்தின் கழுத்தைப் பிடித்த கேள்வி அது. ஒரு நாட்டுக்கு மட்டுமே மீன்பிடி உரிமை உள்ள 200 கடல் மைல் பொருளாதார மண்டலத்தைக் கரையிலிருந்துதான் அளக்கிறார்கள். துவாலுவின் கடல் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே சூரை பிடிக்க வரும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம் அரசின் பெரிய வருமானம். கரை பின்வாங்கினால் எல்லையும் பின்வாங்குமா? கூடாது என்று பசிபிக் தீவுகள் மன்றம் 2021இல் அறிவித்தது. எல்லையைத் திருத்தி வரையும் கட்டாயம் இல்லை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும் ஆலோசனைக் கருத்து சொன்னது. நிலம் போன்ற ஒரு கூறு மறைந்தாலே நாடு இல்லாமல் போய்விடாது என்றும் சேர்த்துச் சொன்னது. துவாலு அதற்காகக் காத்திருக்கவில்லை. நிலம் போனாலும் தன் அரசுரிமை நிலைக்கும் என்று 2023இலேயே அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது.

ஆஸ்திரேலியாவும் துவாலுவோடு செய்துகொண்ட ஃபலேபிலி ஒப்பந்தத்தில் இதை ஏற்றிருக்கிறது. சும்மா இல்லை. துவாலு வேறு நாட்டோடு பாதுகாப்பு உடன்பாடு செய்ய ஆஸ்திரேலியாவின் சம்மதமும் வேண்டும். அரசுரிமையை ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடித்துக்கொள்வதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

அதே ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு மக்களில் பெரும்பாலோர் பதிவு செய்தார்கள். பிறப்பு இறப்பை விட்டுவிட்டால், சுமார் 11,000 பேர் உள்ள நாடு காலியாக 40 வருடம் என்று என் மாணவர்கள் கணக்குப் போட்டார்கள். போனவர்கள் திரும்பி வரலாம், அதற்குத் தடையில்லை. ஆனாலும் நிலத்துக்கு முன்பே மக்கள் குறையக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிய சிக்கலாகப் படுகிறது. பிரிஸ்பேனில் பிறந்து அங்கேயே வளரும் துவாலுப் பிள்ளைக்குச் சூரைப் பணத்தில் பங்கு உண்டா? இந்த வருடத் தேர்வில் இதைத்தான் கேட்கப்போகிறேன்.