நெஞ்சு வலி இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு இருந்தேன்

சுகர் கிளினிக்ல சேர்ந்த முதல் ரெண்டு மூணு வருஷம் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் என் கண்ணு போறது ஹெச்பிஏ1சிங்கற ரத்த சுகர் டெஸ்ட் மேலதான். ஏழுக்குள்ள இருந்தா நிம்மதி. அப்படித்தான் ஒரு அம்மா, வயசு 52, சுகர் வந்து 12 வருஷம், ஒரு செக்கப் கூட விடமாட்டாங்க, அந்த தடவ 6.8. நெஞ்சு வலி ஏதாவது இருக்காம்மான்னு கேட்டேன், இல்லன்னாங்க, சரி யூரின் டெஸ்ட் மட்டும் கொடுத்துட்டு போங்க, லேப் மாடியிலன்னேன். "லிஃப்ட் எந்த பக்கம் டாக்டர்?"

போன தடவ படியில ஏறிப் போனவங்க. ஏன்மான்னு கேட்டா, பாதி படியிலயே மூச்சு வாங்குது, வயசாகுதுல்லன்னு சாதாரணமா சொல்றாங்க. ஈசிஜி எடுத்தா பழைய அட்டாக்கோட தடம் இருக்கு, இதயத்த ஸ்கேன் பண்ற எக்கோவும் அதையேதான் சொல்லுச்சு. எப்ப வந்ததுன்னு அவங்களுக்கே தெரியல.

ரொம்ப வருஷம் சுகர் இருந்தா இதயத்தோட வலிய சொல்ற நரம்பும் கெட்டுப்போகலாம், வலியே இல்லாம அட்டாக் வந்துட்டு போகும், வெறும் மூச்சிரைப்பு, அசதி, வேர்வைன்னு. படிச்ச விஷயம்தான், பரிட்சையில எழுதினதுதான், ஆனா எதிர்ல உட்கார்ந்திருந்தவங்ககிட்ட நான் வலிய மட்டும்தான் கேட்டேன். 6.8ங்கறது ரெண்டு மூணு மாச சுகரோட சராசரி, அவ்வளவுதான், பிபி, எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு, கிட்னி பத்தியெல்லாம் அது ஒண்ணும் சொல்லாது. யூரின்ல ஆல்புமின்ங்கற புரதம் 30க்குள்ள இருக்கணும், அவங்களுக்கு 140. வருஷா வருஷம் பாக்க வேண்டிய டெஸ்ட், ரெண்டு வருஷமா நான் எழுதவே இல்ல. கிட்னியில புரதம் கசியுதுன்னா இதய ரத்தக்குழாயையும் சந்தேகப்படணும்.

இதய நோய் வர்ற ரிஸ்க்க கணக்கு போடற டூல்ஸ் இருக்கு, நான் தினமும் யூஸ் பண்றேன். 2001ல வந்த யூகேபிடிஎஸ் கணக்குலயே சுகர் வந்து எத்தன வருஷம்ங்கறது உண்டு, 2023ல வந்த ஸ்கோர்2 டயாபடிஸ்ல எந்த வயசுல சுகர் வந்தது, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னும் சேர்த்து அடுத்த 10 வருஷ ரிஸ்க்க சொல்லும். ஆனா அதெல்லாம் இதய நோய் இன்னும் வராதவங்களுக்கு. அந்த அம்மாவுக்கு அத போட்டிருந்தா, ஏற்கனவே நடந்து முடிஞ்சத இனிமே வருமான்னு கேட்ட மாதிரி ஆயிருக்கும்.

அப்போ எல்லாருக்கும் இதய ஸ்கேன் எழுதிடலாமேன்னு கூட வேலை பாக்கறவர் கேட்டார். அறிகுறியே இல்லாத சுகர்காரங்களுக்கு அப்படி ஸ்கேன் எடுத்துப் பாத்த ஆய்வு 2009ல வந்துச்சு, அதனால அட்டாக்கோ சாவோ பெருசா குறையல. அறிகுறி நெஜமாவே இல்லையான்னு தோண்டிக் கேக்கறதுதான் என் வேலைன்னு நான் நினைக்கறேன், அதுக்கு அஞ்சு நிமிஷம் கூடுதலா ஆகும், ஆகட்டும்.

இப்போ நெஞ்சு வலியோட நிறுத்தறதில்ல, ஆறு மாசம் முன்னாடி செஞ்சுட்டு இருந்த எந்த வேலைய இப்ப விட்டுட்டீங்கன்னும் கேக்கறேன். போன வாரம் ஒருத்தர் அப்படி எதுவும் இல்லையேன்னு யோசிச்சுட்டு இருக்கும்போதே கூட வந்த மனைவி சொன்னாங்க, பேரனை தூக்கறத நிறுத்தி நாலு மாசமாச்சுன்னு. அவர் அவங்கள திரும்பிப் பாத்தார், நான் ஈசிஜிக்கு எழுதினேன்.