ஜூன் வரை பொறுக்க வேண்டிய செவ்வரத்தை

குளிர்காலம் தொடங்கினால் கனடாவின் ஸ்காபரோவில் நம்மவர் வீடுகளில் செவ்வரத்தை (செம்பருத்தி) சட்டியும் உள்ளே வந்துவிடும். ஹீட்டரின் வறண்ட காற்றில் இலை உதிர்ந்து, வெள்ளை ஈ மொய்த்து, பங்குனி வரை உயிரை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். சாமிக்குப் பூத் தரும் செடியை அந்தக் கோலத்தில் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

இந்த மண்ணுக்கே உரிய செவ்வரத்தை ஒன்று உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஹைபிஸ்கஸ் மொஸ்கியூட்டோஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். ஈரி ஏரிக் கரையின் சதுப்புகளில், பொயின்ட் பீலீ, ரொண்டோ பக்கங்களில், தானாகவே வளர்கிறது. ஒன்ராறியோவில் அரிதான இனம் என்பதால் அங்கிருந்து விதை பறிக்க நினைக்காதீர்கள். நாட்டுச் செடிகள் விற்பவர்களிடம் வாங்குங்கள்.

விதை மிளகைவிடச் சிறியது, ஓடு மிகக் கடினம். உப்புத்தாளில் மெல்லத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்தால்தான் ஓடு நீரை உள்ளே விடும். மார்ச்சில் சிறு சட்டிகளில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, பேஸ்மெண்டில் வெப்பக் காற்று வரும் துவாரத்துக்கு அருகே வைப்பேன். முளைத்ததும் டியூப் லைட்டின் கீழ் மாற்ற வேண்டும். மே மாதப் பிற்பாதியில் வரும் விக்டோரியா தின விடுமுறை கழிந்து உறைபனிப் பயம் நீங்கியபின் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கி, நாள் முழுதும் வெயில் விழும் ஈரமான இடத்தில் நடலாம். கூரைத் தண்ணீர் வந்து இறங்கும் மூலை மிக நல்லது. பூவுக்கு அநேகமாக அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

பொறுமை தேவைப்படுவது அதற்கிடையில் வரும் வசந்தத்தில்தான். பனியில் தண்டு முழுதும் காய்ந்துபோகும். அடியில் அரை அடிக் குச்சியை விட்டுவைத்தால் இடம் மறக்காது. டியூலிப் பூத்து உதிரும், லைலாக் மணக்கும். இந்தக் குச்சியில் மட்டும் ஓர் அசைவும் இராது. மே கடைசியில் மாமி மண்வெட்டியோடு வந்து, “தம்பி, இது பட்டுவிட்டது. இந்த இடத்தில் கத்தரி வைப்போம்” என்றார். மைனஸ் 25 பாகைக் குளிரையும் தாங்கும் வேர் அது, மண் நன்றாகச் சூடேறினால்தான் எழும்பும் என்று சொல்லி அவரை மறித்தேன். ஜூன் பிறந்தபின் செந்நிற முளைகள் மண்ணைக் கீறி வந்தன. ஆகஸ்டில் செடி என் தோளுக்கு நின்றது.

இளஞ்சிவப்பில், நடுவே கருஞ்சிவப்புக் கண்ணோடு, ஒவ்வொரு பூவும் விரித்த கையளவு. ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் வேறு மொட்டு விரியும். சாமிப் படத்துக்கு ஒரு பூவே போதும் என்று மாமி இப்போது காலையில் தானே போய்ப் பறிக்கிறார்.

ஜூலையில் ஜப்பான் வண்டுகள் இலையைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் அவை மந்தமாக இருக்கும்போது சவர்க்கார நீர் வாளியில் தட்டிவிடுங்கள். மருந்து அடித்தால் பூவுக்கு வரும் தேனீக்களும் சாகும்.